படகுக்காரனுக்குக் கண்ணாடி

மேசை இழுப்பறையில் சார்ஜர் தேடப் போனவளுக்கு அந்தக் குறுந்தகடு அகப்பட்டது. உறையில், கடலுக்குள் பாதி மூழ்கிய கோட்டை. பள்ளி விடுமுறைகளில் அவளும் அக்காவும் சோறு தண்ணி மறந்து ஆடிய புதிர் விளையாட்டு. ஒவ்வொரு அறையிலும் ஒரு புதிர் இருக்கும்; அதை அவிழ்த்தால்தான் அடுத்த கதவு திறக்கும். சுடுவதற்கும் துரத்துவதற்கும் ஆள் கிடையாது. மூளையைக் கசக்கினால் போதும்.

“என்னங்க, இங்க பாருங்க, என்ன கிடைச்சிருக்குன்னு.”

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். கொஞ்ச நாளாக மதிய வகுப்புகளை வேறொருவர் தலையில் கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்தார். செய்தித்தாளை மெல்ல மடித்தார்.

“அட, இதெல்லாம் இன்னும் இருக்கா?” என்றார்.

பழைய சரக்காயிற்றே, இந்தக் கணினியில் ஓடுமா என்று அவளுக்குச் சந்தேகம். ஆனால் எந்தத் தகராறும் பண்ணாமல் கோட்டை வாசல் திறந்தது. சந்தோஷத்தோடு கூடவே பயமும் வந்தது.

காரணம் இருந்தது. அவள் மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள். போன மாதம் ஒருவருக்கு ரத்த அழுத்த மாத்திரையை இரண்டு மடங்கு வீரியத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். நல்ல காலம், அந்த மனிதர் அட்டையைப் படித்துப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தார். “கொஞ்சம் ஓய்வெடுத்துட்டு வாங்கம்மா” என்றார் கடை முதலாளி. ஓய்வாவது மண்ணாங்கட்டியாவது! அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. முதலில் குழம்புக்கு இரண்டு தடவை உப்புப் போட்டாள். பிறகு வீட்டுக்கு வரும் வழி மறந்தது. கடைசியில் பெற்ற மகளைப் பார்த்தே “யாரு இந்தப் பொண்ணு?” என்று கேட்டாள்.

இந்தப் புதிர்களெல்லாம் ஒரு காலத்தில் அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். இன்றைக்கும் கை தானாகப் போனால் மண்டையில் கோளாறு இல்லை என்று அர்த்தம்; சாயங்காலமே முதலாளிக்குப் போன் போட்டு வேலைக்கு வருவதாகச் சொல்லிவிடலாம். போகாவிட்டால் என்ன செய்வது என்று நினைக்கவே அவளுக்குத் தைரியமில்லை.

கணவர் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். முதல் அறையில் சுவரில் தொங்கிய கண்ணாடியைக் கழற்றி வெளிச்சத்தைத் திருப்பினாள். கதவு திறந்தது. இரண்டாவது அறையில் ஓட்டைக் குடமும் கிணறும். இங்கே என்ன செய்ய வேண்டும்? சுத்தமாக நினைவில்லை. மவுஸை அங்குமிங்கும் நகர்த்திப் பார்த்தாள். அக்காவின் வெறித்த பார்வை கண்முன் வந்தது. பயந்துபோய் நாற்காலியை விட்டு எழுந்திருக்கப் பார்த்தாள்.

அப்போதுதான் மூலையிலிருந்த மெழுகுவர்த்தி கண்ணில் பட்டது. உருக்கினாள்; ஓட்டையை அடைத்தாள்; தண்ணீர் நின்றது. போன உயிர் திரும்பி வந்தது.

“பாத்தீங்களா? எனக்கு ஒண்ணும் இல்ல. நாளைக்கே கடைக்குப் போறேன்.”

கதவு திறந்து திரை இருண்டது. கணவருக்கு ஒரு தொழில் பழக்கம்: திருப்பம் வருவதற்கு முன்பே வழி சொல்லிவிடுவார், கற்றுக்கொள்பவர் தடுமாறக் கூடாதென்று. அவர் கால், பிரேக்கை மிதிப்பதுபோல, தானாகத் தரையை மிதித்தது. வாயும் சும்மா இருக்கவில்லை.

“மெதுவா. படகுக்காரன் கை நீட்டுவான். குடத்தைக் கொடுத்துடாத. முதல்ல கண்ணாடியைக் காட்டு.”

திரை வெளுத்தது. மூடுபனிக்குள்ளிருந்து ஒரு படகு வந்தது. படகுக்காரன் கை நீட்டினான்.

அவள் மவுஸை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள். கைப்பேசியில் ஒரு படம் அனுப்பவே மகனைக் கூப்பிடுகிற மனிதர் இவர். இந்தக் கோட்டைக்குள் என்றைக்குப் போனார்?

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“சும்மா, குத்துமதிப்பாச் சொன்னேன்.”

“பொய் சொல்லாதீங்க. யார் சொன்னா?”

அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

“நீதான்.”

“எப்போ?”

“நேத்து. அதுக்கு முன்னாடியும்.”

படகுக்காரன் நீட்டிய கையை மடக்காமல் நின்றுகொண்டிருந்தான்.

“நேத்தும் நான் இப்படிப் பயந்தேனா?”

“இல்ல. நேத்து நான் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். நீ சந்தோஷமா விளையாடி முடிச்ச.”

“முடிச்சுட்டு?”

“கடைக்குப் போன் பண்ணி, வேலைக்கு வரேன்னு சொன்ன.”

அவள் மேசையிலிருந்த தன் கைப்பேசியை எடுத்தாள். அவர் கையில் வைத்து, அவர் விரல்களை அதன்மேல் மடக்கிவிட்டாள்.

“இதை நீங்க வெச்சுக்குங்க,” என்றாள். “நாளைக்கு நான் கேட்டாலும் கொடுக்காதீங்க.”