இடது பக்கத்து இரைச்சல்

சவுண்டுக்காரருக்கு வீட்டில் சத்தம் ஆகாது. கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்த ஊரில் பாதிப் பேர் வீட்டுக் கூடத்தில், நாலே மூலை உள்ள இடத்தில், ஐந்து ஸ்பீக்கரை மாட்டிவிட்டு வந்த மனிதர் அவர். முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தரையில் ஒரு பெரிய பெட்டி. மழை பெய்யும் காட்சி வந்தால் வீட்டுக்காரர் எழுந்து போய்த் துணி எடுக்கப் பார்க்க வேண்டும், அப்போதுதான் தன் வேலை முடிந்தது என்பார். அப்படிப்பட்டவர் மாலையில் கடையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், ஸ்பூன் கீழே விழுந்தாலும் முகத்தைச் சுளிப்பார். நாள் முழுக்க ஊரான் வீட்டு இரைச்சலையெல்லாம் கேட்டுப் பழுது பார்த்த காது, வீட்டில் சும்மா இருக்க ஆசைப்பட்டது.

அவர் மனைவிக்கோ சினிமா என்றால் உயிர். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். பகலெல்லாம் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, யாரோ ஒருவர் பிரேக்குக்குப் பதில் ஆக்சிலேட்டரை மிதிப்பதைப் பார்த்துப் பார்த்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு வருவாள். சாயங்காலம் ஒரு படம் பார்த்தால்தான் அவளுக்கு மூச்சு சீராகும். வீட்டிலும் அருமையான ஹோம் தியேட்டர் இருந்தது. வாடிக்கையாளர்களுக்குப் போட்டுக் காட்டுவதற்காக அவர் பார்த்துப் பார்த்துச் செய்தது. ஆனால் அவளுக்கு அதில் கிடைத்தது ஒரு ஹெட்ஃபோன்தான்.

“நீ பாட்டுக்குப் பாரு, நான் வேணாம்னு சொல்லல. எனக்குக் கேக்காம பாரு” என்று அவர் சொல்லி வருடம் பதினொன்று ஆகிவிட்டது. அவளும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நீளமான வயரோடு சோபாவில் காலை மடக்கி உட்கார்ந்து, தனக்குத்தானே சிரித்துக்கொண்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டும் படம் பார்ப்பாள். அவர் எதிரில் நிம்மதியாகப் பேப்பர் படிப்பார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவள் ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

“என்னங்க, இதுல ஏதோ இரைச்சல் வருது. இடது பக்கம் மட்டும். உஸ்ஸுன்னு.”

அவருக்கு மூக்கு வியர்த்துவிட்டது. தான் செய்த மெஷினில் இரைச்சலா! பேப்பரை மடித்துப் போட்டுவிட்டு வந்து ஹெட்ஃபோனை வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடி அரை நிமிடம் கேட்டார். இருந்தது. மெலிதாக, அடியில், ஒரு முனகல். எந்த மெஷினிலும் கண்ணை மூடிக்கொண்டு தேடினால் ஏதாவது ஒன்று கேட்கத்தான் செய்யும். அது அவருக்குத் தெரியாததல்ல. ஆனால் தேடியது கிடைத்துவிட்ட சந்தோஷத்தில் யாருக்கு அதெல்லாம் ஞாபகம் வரும்?

“எர்த் பிரச்சனை. டிவி ஒரு பிளக்ல, பிளேயர் ஒரு பிளக்ல, ஆம்ப்ளிஃபையர் இன்னொரு பிளக்ல. அதான் முனகுது” என்றார். எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்குக் கொண்டுவந்தார். முனகல் நின்றது. தன் காதிலேயே மாட்டிக் கேட்டு, “இப்ப பாரு, சுத்தம்!” என்று அவளிடம் நீட்டினார்.

அவள் மாட்டிப் பார்த்தாள். “கொஞ்சம் பரவாயில்லங்க” என்றாள். “ஆனா அந்தப் பக்கம் என்னவோ அடைச்ச மாதிரி இருக்கு.”

அடைத்த மாதிரி என்றதும் அவர் மண்டைக்குள் அடுத்த பல்பு எரிந்தது. பிளேயரிலிருந்து ஆறு வழியில் சத்தம் வருகிறது, ஹெட்ஃபோனுக்கு இருப்பதோ இரண்டே வழி. ஆறையும் இரண்டுக்குள் திணித்தால் அடைக்காமல் என்ன செய்யும்? மறுநாள் செட்டிங்ஸுக்குள் புகுந்து, சரவுண்டை அணைத்து, ஸ்டீரியோவுக்கு மாற்றினார். பிளேயரின் வால்யூமைக் கூட்டி, ஆம்ப்ளிஃபையரின் வால்யூமைக் குறைத்தார். அதற்கடுத்த ஞாயிறு ஹெட்ஃபோன் ஜாக்கைக் கழற்றி, லேசாக ஆடிய ஒரு முனையைச் சூடுவைத்துப் புதிதாகப் பற்றவைத்தார். அதற்கடுத்த ஞாயிறு, பிளேயரிலிருந்து ஆம்ப்ளிஃபையருக்குப் போகும் வயர் கரண்ட் வயரை ஒட்டிப் போவதைக் கண்டுபிடித்துச் சுவரோடு சுவராக இழுத்து வேறு வழியில் கொண்டுபோனார். ஒவ்வொரு முறையும் ஒரு நிஜமான குறை அகப்பட்டது. ஒவ்வொரு முறையும் தன் காதில் மாட்டிக் கேட்டார், முன்னைவிடத் தெளிவாக இருந்தது. அவர் பொய்யொன்றும் சொல்லவில்லை. அந்த மெஷின் நாளுக்கு நாள் நன்றாகத்தான் ஆகிக்கொண்டு வந்தது.

அவள்தான் ஒத்துவரவில்லை. “இன்னும் இருக்குங்க” என்றாள் ஒரு நாள். “கழட்டி வச்சாலும் கொஞ்ச நேரம் இருக்கு” என்றாள் இன்னொரு நாள்.

“ரொம்ப நேரம் கேட்டா அப்படித்தான் நிக்கும். வால்யூமைக் குறைச்சு வை” என்றார் அவர். இதைச் சொன்னபோது அவர் தலை பிளேயருக்குப் பின்னால் இருந்தது.

நடுவில் ஒரு நாள் அவள் வேலையிலிருந்து வந்து சிரித்துக்கொண்டே ஒரு கதை சொன்னாள். இடது பக்கமாக வந்த பைக்கின் ஹார்ன் தனக்குக் கேட்கவே இல்லையாம், காரோட்டப் பழகும் பெண்தான் பயந்து கத்தினாளாம், தன் காலடியில் இருக்கும் பிரேக்கை மிதித்துத் தப்பினார்களாம். “மூணாவது நாளா கத்துக்கிற பொண்ணு, எனக்குப் பாடம் எடுக்குது!” என்றாள். அவரும் சிரித்தார். வெளியூரில் வேலை பார்க்கும் மகள் ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாள், “ஏம்பா, அம்மா ஏன் இப்பல்லாம் கத்திக் கத்திப் பேசுறாங்க?” “ஹெட்ஃபோனைக் கழட்டாமலே பேசுறாம்மா, வேற என்ன” என்று அதையும் ஒரு வரியில் முடித்துவிட்டார். இவ்வளவுக்கும் அவர் தொழிலே காது.

மூன்று வாரம் கழிந்தபோது அவள் “சரியாயிடுச்சுங்க” என்றாள். அவர் முகம் மலர்ந்தது. நல்ல வேலை செய்த பின் வரும் அந்த அலுப்பும் திருப்தியுமாகப் போய்ப் படுத்துத் தூங்கினார்.

அடுத்த வாரம், ஞாயிற்றுக்கிழமை காலை, தேங்கிக் கிடந்த வேலையை முடிக்க லீவு நாளிலும் கடையைத் திறந்திருந்தபோது, ஒரு வாடிக்கையாளரின் போன். பல் டாக்டர் ஒருவர், புதிதாகப் பிளேயர் வாங்கியவர். ஹெட்ஃபோனில் வலது பக்கம் இரைச்சலாம்.

“சார், ஒண்ணும் கழட்டாதீங்க” என்றார் சவுண்டுக்காரர். போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கையில் வேறொரு வேலையைப் பார்த்தபடியே சொன்னார். முந்நூறு பேரிடமாவது சொல்லியிருப்பார், வாய் தன்னால் ஓடியது. “ஹெட்ஃபோனை அப்படியே திருப்பி மாட்டுங்க. வலதை இடது காதுல, இடதை வலது காதுல. இரைச்சல் இன்னொரு காதுக்குப் போச்சுன்னா மெஷின்லதான் கோளாறு, நான் வந்து பாக்குறேன். போகாம அதே காதுல இருந்துச்சுன்னா நான் வந்து பிரயோஜனம் இல்ல சார், நீங்க காது டாக்டரைத்தான்…”

வழக்கமாக இந்த இடத்தில் அவர் சிரிப்பார், எதிர்முனையும் சிரிக்கும். அன்று எதிர்முனை மட்டும் சிரித்தது.

“ஹலோ? லைன்ல இருக்கீங்களா?” என்றார் பல் டாக்டர்.

சவுண்டுக்காரர் போனை மேஜையில் வைத்துவிட்டார். முந்நூறு பேரிடம் சொன்னதை வீட்டில் ஒருத்தியிடம் சொல்லவில்லை. அரை நிமிட வேலை. ஏன் சொல்லவில்லை என்பதும் அங்கேயே, அந்த ஸ்டூலில் உட்கார்ந்தபடியே, அவருக்குப் புரிந்துபோயிற்று. போனில் பேசுகிறவர்களின் வீட்டுக்குத் தன் காதை அனுப்ப முடியாது, அதனால் அவர்கள் காதை நம்பித்தான் ஆக வேண்டும். வீட்டில்தான் தன் காது இருக்கிறதே! ஒவ்வொரு முறையும் வாங்கித் தன் காதில் மாட்டிக்கொண்டார். அவளுக்கு என்ன கேட்கிறது என்பதைத் தனக்குக் கேட்டதை வைத்துத் தீர்மானித்தார்.

கடையைப் பாதி ஷட்டரோடு விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினார். அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“இத மாட்டு” என்றார், மூச்சு வாங்க.

“இப்பவா? என்ன படம்?”

“மாட்டும்மா. திருப்பி மாட்டு.”

மாட்டினாள். அவர் ஏதோ ஒரு பாட்டைப் போட்டார். “இரைச்சல் எந்தப் பக்கம்?”

அவள் தயங்கினாள். “அதான் சரியாயிடுச்சுன்னு…”

“பொய் சொல்லாத. எந்தப் பக்கம்?”

“இடதுதான்.”

அவர் பாட்டை நிறுத்தினார். “இப்ப?”

“இடதுதான்.”

ஜாக்கைப் பிடுங்கினார். மெஷினின் பிளக்கையே பிடுங்கினார். ஹெட்ஃபோனை அவள் தலையிலிருந்து எடுத்தார். “இப்ப?”

“அது எப்பவுமே இருக்குங்க” என்றாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து அவளுக்கே பயம் வந்துவிட்டது. “தூங்கறப்பகூட இருக்கு. நான் என் காதுதானோன்னு ஒரு நாள் நினைச்சேன். நீங்கதான் மெஷின்னு சொன்னீங்களே. உங்களுக்குத் தெரியாததா எனக்குத் தெரிஞ்சிடப் போகுதுன்னு விட்டுட்டேன். நீங்களும் பாவம், லீவு நாளெல்லாம் அதுக்குள்ளேயே தலைய விட்டுக்கிட்டுக் கிடந்தீங்க.”

பாவமாம். அவர் பாவமாம்.

திங்கட்கிழமை முதல் ஆளாகக் காது டாக்டரின் அறையில் இருந்தார்கள். டாக்டர் வயதில் சின்னவர், அமைதியான பெண். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்காரவைத்து, ஒவ்வொரு காதாகச் சோதித்துவிட்டு, காகிதத்தில் இரண்டு கோடுகளைக் காட்டினார். வலது காதின் கோடு மேலேயே நேராகப் போனது. இடது காதின் கோடு படியில் தடுக்கி விழுந்ததுபோல் கீழே கிடந்தது.

“இது எப்ப ஆரம்பிச்சுது?” என்றார் டாக்டர்.

“இப்பத்தான் டாக்டர், ஒரு வாரமா” என்றாள் மனைவி, சட்டென்று.

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை, கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டிருந்தாள். அவர் மேல் யாரும் ஒரு சொல் சொல்லிவிடக்கூடாது என்று அவள் சொன்ன பொய் அது. அந்தப் பொய்க்குள் பேசாமல் உட்கார்ந்திருக்கலாம்தான்.

“இல்ல டாக்டர். இன்னியோட இருபத்தேழு நாள். முதல் நாளே என்கிட்ட சொன்னா.”

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். “நீங்க என்ன பண்ணீங்க?”

“வயர் மாத்தினேன்” என்றார் சவுண்டுக்காரர்.

டாக்டர் கோபித்துக்கொள்ளவில்லை. கோபித்துக்கொண்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். திடீரென்று இப்படிக் காது போவதுண்டு, காரணம் பல நேரம் தெரியாது, முதல் இரண்டு வாரத்துக்குள் மருந்து கொடுத்தால் நிறையப் பேருக்குத் திரும்பி வரும், இப்போதும் கொடுத்துப் பார்ப்போம், ஆனால் பெரிதாக நம்பிக்கை வைக்க வேண்டாம் என்று பொறுமையாகச் சொன்னார். மாத்திரை கொடுத்தார். காதுக்குள் ஊசி போட்டார், வாரம் ஒன்றாக நான்கு. இரைச்சல் ஓரளவு அடங்கியது. காது வரவில்லை.

டிரைவிங் ஸ்கூலில் அவளை ரோட்டுக்கு அனுப்புவதை நிறுத்தினார்கள். அவளே கேட்டுக்கொண்டதுதான். இப்போது வகுப்பறையில் சாலைக் குறியீடுகளைச் சொல்லிக்கொடுக்கிறாள். “ஏசி ரூம், உயிருக்கு ஆபத்து இல்ல, நல்லதுதானே” என்றாள் மகளிடம். சவுண்டுக்காரர் வீட்டுப் பிளேயரில் கடைசியாக ஒரு வேலை செய்தார். எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கலந்து ஒரே பக்கமாக, வலது காதுக்கு மட்டும் வரும்படி மாற்றினார். மோனோ. அந்தக் காலத்து ரேடியோப் பெட்டி மாதிரி. வாடிக்கையாளர் யாராவது அப்படிச் செய்து தரச் சொல்லியிருந்தால் கடையை விட்டே துரத்தியிருப்பார். “நல்லாக் கேக்குதுங்க” என்று அவள் சந்தோஷப்பட்டாள்.

இவ்வளவும் ஆகியும் அவர் இன்னும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லவில்லை. மன்னிச்சிடு என்று. டாக்டரிடம் தப்பை ஒப்புக்கொண்டார், மகளிடம் அழுதே விட்டார், அவளிடம் மட்டும் வாய் வரவில்லை. ஒரு சனிக்கிழமை மாலை, இன்று சொல்லிவிடுவது என்று சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வந்தார். அவள் கூடத்தின் நடுவில் நின்று, சோபா உறையை மாற்றிக்கொண்டிருந்தாள். டிவி ஓடவில்லை. அவர் சமையலறை வாசலில் நின்று அவள் பெயரைச் சொல்லி அழைத்தார். எப்போதும் அழைக்கிற மாதிரிதான், மெதுவாக.

அவள் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை. பால்கனிக் கதவைப் பார்த்தாள்.

“இங்கம்மா” என்றார் அவர்.

அவள் படுக்கையறைப் பக்கம் திரும்பினாள். இரண்டு காதும் இருந்தால்தான் சத்தம் எங்கிருந்து வருகிறதென்று தெரியும். இரண்டில் ஒன்று போனால் எல்லாம் ஒரே திசைதான். முப்பது வருடம் இதைத்தான் அவர் எல்லோருக்கும் விளக்கி, மூலைக்கு மூலை ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறார்.

“எங்கேருந்து கூப்பிடுறீங்கன்னு தெரியலங்க” என்றாள் அவள், சிரித்தபடி, அவர் இல்லாத பக்கம் பார்த்து. “பேசிக்கிட்டே இருங்க, நான் கண்டுபிடிச்சு வந்துடறேன்.”

அவர் வாசலை விட்டு நகர்ந்து, அவளுடைய வலது பக்கமாக நடந்து போனார்.