வால் தட்டும் மேடு

டிரைவரக்காவின் டிரெய்லர் மேட்டில் ஏறாது என்று முதலில் சொன்னது அவளுடைய அண்ணன்தான். சொல்லிவிட்டு அவர் பாட்டுக்குப் போயிருக்கலாம். தெருவே கூடியிருந்த இடத்தில் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மேல கொண்டுபோயிட்டா அந்த மனையைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன். முடியலேன்னா நீ வாயைத் திறக்கக் கூடாது. பேசாம பின்னறையில கிட" என்று பந்தயமும் கட்டினார். கட்டடக் கான்ட்ராக்டர் இல்லையா, எதையாவது கட்டாமல் அவருக்கு இருப்புக்கொள்ளாது.

மேட்டின் உச்சியில் இருந்த அந்த மனை அவளுடையது. அம்மா கண்ணை மூடுவதற்கு முன் மகள் பெயருக்கு எழுதி வைத்தது. அப்போது மகளுக்குக் கணவன் இருந்தான், ஸ்கூல் பஸ் ஓட்டும் வேலை இருந்தது, குடியிருக்க ஒரு வாடகை வீடு இருந்தது. மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாகப் போனபிறகு, மேட்டின் அடிவாரத்தில் இருந்த அண்ணன் வீட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். வந்தவளை யாரும் பட்டினி போடவில்லை; அதைச் சொல்லியாக வேண்டும். ஆனால் காலையில் முதல் ஆளாக அடுப்பைப் பற்ற வைப்பதும், ராத்திரி கடைசி ஆளாகப் பாத்திரம் கழுவுவதும் அவள்தான் என்று ஆகிவிட்டது. யாரும் உத்தரவு போடவில்லை. "உனக்கும் பொழுது போகணும் இல்ல?" என்று அண்ணி கேட்டதோடு சரி. மனையில் அண்ணனுடைய மணலும் கம்பியும் சொகுசாகக் குடியிருந்தன.

வீடு கட்ட அவளிடம் வழியில்லை. அதற்காக வீடே இல்லாமல் இருக்க முடியுமா? சாலை போடும் கம்பெனி ஒன்று ஆபீஸாக வைத்திருந்து, வேண்டாம் என்று ஓரங்கட்டிய நீளமான டிரெய்லர் ஒன்றைக் கண்டுபிடித்தாள். ஜன்னல், அலமாரி, கழுவுதொட்டி எல்லாம் இருந்தன. சக்கரம் மட்டும் இரண்டே இரண்டு, அதுவும் ஏறக்குறைய நடுவயிற்றில். அவற்றுக்குப் பின்னால் ஒரு படுக்கையறை நீளத்துக்கு வால். அந்த வால்தான் வினையாகிவிட்டது.

முதல் தடவை, இரும்புப் பட்டறை வைத்திருந்த தோழியின் பிக்கப்பில் கட்டி இழுத்தார்கள். அந்தத் தோழியைத் தெரு முழுவதும் வெல்டர் என்றுதான் கூப்பிடும். பிக்கப் மேட்டில் கால் வைத்ததும் டிரெய்லரின் மூக்கு வானத்தைப் பார்த்தது, வால் ரோட்டைத் தேய்த்தது. கறகறவென்று ஒரு சத்தம், பல் கூசியது. பின்விளக்கு நொறுங்கியது, அடியில் இருந்த தண்ணீர்க் குழாய் மடங்கியது. தெருவில் இருந்த அத்தனை ஜன்னல்களும் திறந்துகொண்டன. அண்ணன் வாசலில் நின்று சிரித்த சிரிப்பை அவள் இன்றுவரை மன்னிக்கவில்லை.

"முன்பக்கத்தைத் தூக்குங்க, எல்லாம் தூக்கிக்கும்" என்று ஆளாளுக்கு யோசனை சொன்னார்கள். கேட்டாள். கொக்கியை உயர்த்தி மாட்டினாள். வால் முன்னைவிட மோசமாக உரசி, பின்பக்கத் தகரமும் கிழிந்தது. ஊரார் பேச்சைக் கேட்டதற்கு அவளுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது.

அன்று சாயங்காலம் பட்டறையில் வெல்டர் டிரெய்லருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத் தலையை வெளியே நீட்டினாள்.

"வாலை வெட்டிடலாம்க்கா. ஒரே நாள் வேலை."

"வெட்டிட்டா படுக்கையை எங்க போடறது?"

"தலையை மட்டும் வெளிய நீட்டிட்டுத் தூங்கு."

"ஒரு அங்குலம்கூட வெட்ட விடமாட்டேன். இவ்வளவு நாள் என்னைத்தான் எல்லாரும் வெட்டிக் குறைச்சாங்க. என் வீட்டையுமா?"

வெல்டர் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள். டிரைவரக்கா டிரெய்லரின் மூக்கைக் கையால் அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூக்கு இறங்கினால் வால் ஏறுகிறது. சின்னப் பிள்ளைகள் ஏறி இறங்கி விளையாடும் பலகை மாதிரிதான். இதைப் போய்த் தலைகீழாகச் செய்திருக்கிறோமே என்று இருவருக்கும் சிரிப்பு வந்தது.

அதன்பிறகு வேலை மளமளவென்று நடந்தது. கொக்கியைக் கீழே இறக்கி மாட்டினார்கள். சக்கரங்கள் மேட்டைத் தொடும் இடத்தில் போடுவதற்கு ஆப்பு மாதிரி இரண்டு பலகைகள் செதுக்கினார்கள். அதையும் மீறி வால் தரையைத் தொட்டால் தேயாமல் உருளட்டும் என்று, வாலுக்கு அடியில் இரண்டு சின்ன இரும்புச் சக்கரங்களைப் பற்றவைத்தாள் வெல்டர். ஞாயிற்றுக்கிழமை ஏற்றுவது என்று முடிவாயிற்று. டிரைவரக்கா அதைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டு வந்தாள், அண்ணனிடமும்தான். ஒளித்து மறைத்துக் குடிபோக அவள் என்ன திருடியா?

ஞாயிறு காலை பிக்கப்பின் ஸ்டியரிங்கை அவளே பிடித்தாள். வெல்டர் வாலோடு நடந்து வந்தாள். பிக்கப் மேட்டில் ஏறியது. டிரெய்லரின் சக்கரங்கள் பலகைமேல் ஏறின. வால் இறங்கியது, ஆனால் கறகற சத்தம் இல்லை. சின்னச் சக்கரங்கள் தரையைத் தொட்டு உருளத் தொடங்கின. "வருதுக்கா, வருது!" என்று வெல்டர் கத்தினாள். அடுத்த நொடி டக்கென்று ஒரு சத்தம். வண்டி நின்றுவிட்டது.

மேட்டின் அடியில் தெருவுக்குக் குறுக்கே சாக்கடை ஓடியது. அதை மூடியிருந்த கம்பிச் சட்டத்தில் ஒரு கம்பி என்றோ பெயர்ந்து போயிருந்தது. சின்னச் சக்கரம் ஒன்று சரியாக அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொண்டது.

அதே நேரத்தில் பின்னால் ஒரு ஹாரன். உருளை சுற்றச் சுற்ற ஒரு கான்கிரீட் லாரி வந்து நின்றது. மேட்டுக்கு மேலே அண்ணன் கட்டிக்கொண்டிருந்த வீட்டுக்கு வந்த லாரி. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கான்கிரீட் போட்டு அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை. வழியை விடு என்று விரட்டுவதற்காகவே இன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார் என்பது டிரைவரக்காவுக்கு விளங்கிவிட்டது. அண்ணன் வேகவேகமாக வெளியே வந்தார்.

"ஏறாதுன்னு சொன்னேனா இல்லையா? பின்னால எடு. லாரி நிக்குது பாரு."

"எடுக்க மாட்டேன்."

"விளையாடறியா? கான்கிரீட் இறுகிப்போகும்!"

"நான் வரேன்னு தெரிஞ்சுதானே இன்னைக்கு வரச் சொன்னே? இறுகட்டும்."

எஞ்சினை அணைத்துச் சாவியை உருவிக் கைக்குள் மூடிக்கொண்டாள். வெளியே அப்படிப் பேசினாளே தவிர, உள்ளுக்குள் பயம்தான். இப்போது பின்னால் எடுத்தால், நாளைக்கு அந்த அடுப்பு, அந்தப் பாத்திரம், அந்தப் பின்னறை, சாகிற வரைக்கும். அதை நினைத்ததும் பயம் போய்க் கோபம் வந்தது. கோபம் வந்ததும் புத்தியும் வேலை செய்தது.

"எவ்வளவு ஆழத்துல மாட்டியிருக்கு?" என்று பின்னால் பார்த்துக் கேட்டாள்.

"ரெண்டு விரல் இருக்கும்க்கா. வால் அவ்வளவு தூக்கினா போதும்."

"அப்ப மூக்கை அழுத்தணும். பிக்கப்போட பின்னால ஆளுங்களை ஏத்து!"

முதலில் இஸ்திரிக் கடைக்காரர் ஏறினார். மருந்துக் கடைக்காரரும் எதிர்வீட்டு வாத்தியாரும் ஏறினார்கள். பிக்கப்பின் பின்பக்கம் அமுங்கியது, டிரெய்லரின் மூக்கு தாழ்ந்தது, வால் கொஞ்சம் எழுந்தது. பற்றவில்லை. அப்போது கேட்டைத் திறந்துகொண்டு அண்ணி வந்தாள். புடவையைச் செருகிக்கொண்டு ஏறினாள்.

"நீ எங்கடி ஏறறே?" என்று அண்ணன் அலறினார்.

"சமையலை இனிமே நாம பார்த்துக்கலாம். நீங்களும் ஏறுங்க."

"இன்னும் ஒரு விரல்தான்!" என்று வெல்டர் கத்தினாள்.

தெருவே அண்ணனைப் பார்த்தது. அவர் உட்கார்ந்தால் எந்த நாற்காலியும் ஒரு முறை முனகிவிட்டுத்தான் அடங்கும். அது ஊரறிந்த விஷயம். லாரிக்காரர் தலையை நீட்டி, "சார், எவ்வளவு நேரம் சுத்திட்டு நிக்கறது? இறுகிப்போனா நான் பொறுப்பில்ல. ஏறித் தொலைங்க" என்றார். அண்ணன் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஆனாலும் ஏறினார். மருந்துக் கடைக்காரரும் வாத்தியாரும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுக்க வேண்டியிருந்தது.

பிக்கப் சாய்ந்து உட்கார்ந்தது. வால் எழுந்தது. சக்கரம் கம்பியை விட்டு மேலே வந்தது.

டிரைவரக்கா சாவியைத் திருப்பினாள். முதல் கியரில், அவசரமே இல்லாமல், அண்ணனை முதுகுப்பக்கம் ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறினாள். இரண்டு இடத்தில் சின்னச் சக்கரங்கள் தரையைத் தொட்டு உருண்டன. உச்சிக்கு வந்ததும் மணல் குவியலை ஒட்டி டிரெய்லரை நிறுத்திச் சக்கரங்களுக்குக் கல் வைத்தாள். கண்ணில் தண்ணீர் வந்தது. அதை யாரிடமும் மறைக்கவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள். கான்கிரீட் லாரி உறுமிக்கொண்டு தாண்டிப் போயிற்று.

அண்ணன் இறங்கிச் சட்டையைத் தட்டிவிட்டுக்கொண்டார். லாரிக்குப் பின்னால் ஓடுவார் என்றுதான் அவள் நினைத்தாள். அவரோ, ஒன்றுமே நடக்காத மாதிரி நேராக டிரெய்லரின் வாசலுக்கு வந்து படியில் ஒரு காலை வைத்தார்.

"உள்ள என்ன பண்ணி வெச்சிருக்கேன்னு பார்க்கறேன். மணலை அடுத்த மாசம் எடுத்துக்கறேன், இப்ப இடமில்ல."

"காலை எடுண்ணா."

"என்னது?"

"மணலை நாளைக்கு எடுத்துடு. இது என் வீடு. கூப்பிட்டா வா. இன்னைக்கு நான் யாரையும் கூப்பிடல."

அண்ணன் அண்ணியைப் பார்த்தார். அண்ணி மேட்டின் கீழே தெரிந்த தன் வீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் காலை எடுத்துக் கீழே வைத்தார்.