சின்னப் பை

...ஐந்தாவது காயும் சுத்தம், புழு இல்லை, கடவுளே, இன்னும் ஐந்துதான், நெட்டையக்கா கத்தியைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டு அடுத்த பருத்திக் காயைப் பறிக்கிறாள், அவள் நிலத்து வரப்பில் குந்தியிருக்கும் அவன் விரல்விட்டு எண்ணுகிறான், அவள் பிளப்பது காயையா, இவன் நெஞ்சையா... அவள் புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் விதைப்பு, விதைக்கு வழியில்லாமல் இவன் வாசலில் வந்து நின்றாள், பக்கத்து நிலத்துக்காரி, வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை, புழு தாங்கும் மரபணு மாற்றிய விதை வாங்கும்போது பெரிய பையோடு ஒட்டி வரும் சின்னப் பைகள் மூன்று கிடந்தன, எடுத்துக் கொடுத்தான், அவளுடைய துண்டு நிலத்துக்கு அது போதும், ஆனால் அது புழு தாங்காத சாதா விதை, வயலோரம் நாலு வரிசை போட்டால் புழு அதைத் தின்றுகொண்டு அங்கேயே கிடக்கும் என்று தருவது, யார் போடுகிறார்கள், எல்லாரும் குப்பையில்தான் வீசுகிறார்கள்... குப்பைக்குப் போவதைக் கொடுத்துவிட்டு உண்மையைச் சொன்னானா? "உனக்குப் புண்ணியமாப் போகும் தம்பி" என்று அவள் கும்பிட்டபோதாவது சொல்லியிருக்கலாம், அப்புறம் ஊரெல்லாம் புழு, மரபணு விதையையும் விடாத புழு என்று பேச்சு, சோறு இறங்கவில்லை, சாமி, வருகிற புழு என் நிலத்துக்கே வரட்டும், அவள் வயிற்றில் அடித்துவிடாதே என்று எத்தனை நாள் வேண்டியிருப்பான்...

"வாயை மூடு தம்பி, ஈ புகுந்துடப் போகுது." பத்தாவது காயில் மட்டும் இளஞ்சிவப்பாய் ஒன்று நெளிந்தது, ஒன்றே ஒன்று, அப்பாடா, பத்துக்கு ஒன்று, பிழைத்துக்கொள்வாள், அந்த நிம்மதியில் வாய் தானாகத் திறந்துகொண்டது. "அக்கா, அந்த விதை..." "புழுவுக்கு வச்ச விருந்து, அதானே? பையிலயே எழுதியிருந்துச்சே, எனக்குப் படிக்கத் தெரியாதா?" "அப்புறம் ஏன் போட்டீங்க?" "நாலு வீட்டுக் கதவைத் தட்டினேன், நீதான் திறந்தே. அதான் அதையே போட்டு, தினமும் விடியறப்ப வந்து, புழு புகுந்து சுருண்ட பூவையெல்லாம் கிள்ளி எரிச்சேன்."

சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது, இத்தனை மாதமாய்த் தோளில் கிடந்த மூட்டையை அவள் எப்போதோ இறக்கி வைத்துவிட்டாள், இவனுக்குத்தான் தெரியவில்லை... "சரி, எழுந்திரு, உன் நிலத்துல காய் வெட்டிப் பார்த்தியா?" பார்க்கவில்லை, ஒரு காய்கூட, இவள் நிலத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில் தன் நிலம் நினைவிலேயே இல்லை, ஓரத்தில் சாதா விதையும் இல்லை, பூவும் கிள்ளவில்லை, போதாக்குறைக்கு அந்த வேண்டுதல் வேறு, சாமி அதைக் காதில் வாங்கியிருப்பாரோ... ஆனாலும் பயம் பெரிதாய் வரவில்லை, ஏன் வரவில்லை? முன்னால் போன நெட்டையக்கா அதற்குள் வரப்பைத் தாண்டி, அவன் நிலத்து முதல் செடியில் குனிந்து, ஒரு பூவைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.