நினோ போட்ட ஒரே சுரம்

ஆப்பிள் மதுக்கடையில் மதியமே விளக்கைப் போட்டுவிட்டார்கள். வெளியே நான்கு நாளாக விடாத தூறல், ஸ்பெயினின் கிஹோன் நகரத்துத் தூறல். ஒலாயா கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தாள். எதிரே ரொகேலியா, பாடகன் நினோவின் மனைவி. நினோ இறந்து எட்டு மாதமாகிறது. இன்னும் ஒரு மணி நேரத்தில் சதுக்கத்தில் அவன் பெயரில் கல்வெட்டு திறக்கிறார்கள். ‘உப்புக் கூந்தல் பாட்டைத் தந்தவர்’ என்று அதில் செதுக்கியிருந்தது.

அந்தப் பாட்டின் மெட்டு ஒலாயாவுடையது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தெட்டில் நடந்தது. அன்றைக்கெல்லாம் ஒரு மெட்டைத் தன் பெயரில் பதிய வேண்டுமானால் தலைநகர் மத்ரீத் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். அறையில் உட்காரவைத்து, சுரங்களைத் தாளில் எழுதச் சொல்வார்கள். ஒலாயா காதால் கேட்டே அக்கார்டியன் வாசிக்கிறவள். இரண்டு தடவை போனாள், இரண்டு தடவையும் வெறுந்தாளைக் கொடுத்துவிட்டு வந்தாள். குருமடத்தில் சுரம் எழுதப் படித்த நினோ முதல் தடவையே தேறிவிட்டான். அவள் முனகிய மெட்டைத் தாளில் இறக்கியதும் அவன்தான். அதிலும் இரண்டாம் வரியின் கடைசியில் ஒரு சுரம் தப்பு. ஏற வேண்டிய இடத்தில் இறக்கிவிட்டான். மெட்டு அவன் பெயரில் பதிவானது, இசைத்தட்டும் அந்தத் தப்போடே வந்தது.

“நீ பாஸ் பண்ணு, அன்னைக்கே பேரை மாத்திடலாம்” என்றான். பிறகு அந்தப் பரீட்சையையே ரத்து செய்துவிட்டார்கள். அதற்குள் எல்லா ஊர்த் திருவிழா மேடையிலும் அது நினோ பாட்டு ஆகிவிட்டிருந்தது.

கடைக்காரன் தெல்மோ புட்டியைத் தலைக்கு மேல் தூக்கி, இடுப்புக்குக் கீழே பிடித்த கிளாசில் ஊற்றினான். “குடிங்கக்கா. ஆறட்டும்னு வெக்க இது சூப்பா? நுரை போயிடும்.”

ஒலாயா தொடவில்லை. “கல்லை மாத்தச் சொல்லு ரொகேலியா. என் பேரும் வரணும்.”

“மெட்டு உன்னோடதுன்னு எனக்குத் தெரியும்.”

“தெரியுமா?”

“கல்யாணத்தன்னைக்கு ராத்திரி சொல்லிட்டு அழுதான். நல்ல முதலிரவு, போ.”

“அப்ப இத்தனை வருஷமா வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தே?”

ரொகேலியா கடைக்காரன் பக்கம் திரும்பினாள். “தெல்மோ, நினோ பாட்டு ஒண்ணு சொல்லு.”

“உப்புக் கூந்தல்!”

“வேற?”

தெல்மோ தலையைச் சொறிந்தான். “வேறயும் இருக்கா?”

“அறுபது இருக்கு” என்றாள் ரொகேலியா. ஒலாயாவிடம் குரலைத் தணித்தாள். “இதையும் நீ எடுத்துக்கிட்டா அவனுக்குன்னு என்னடி மிச்சம்? போய் மைக்கில சொல்லு. தடுக்க எனக்கு வாயில்ல.”

ஒலாயா ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கிளாசின் அடியில் நின்றதை அந்த ஊர் வழக்கப்படி தரையில் சிந்தினாள்.

சதுக்கம் முழுக்கக் குடைகள். நகரசபைக்காரர் பேசி முடித்துத் துணியை விலக்கினார். பிறகு, “நினோவோட பழைய கூட்டாளி ஒலாயா வாசிப்பாங்க” என்றார்.

அவள் மைக் முன்னால் நின்றாள். ஈரக் கல்லில் நினோவின் பெயர் மட்டும் இருந்தது. முன்வரிசையில் ரொகேலியா தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இது நினோ பாட்டு” என்றாள் ஒலாயா.

அவள் வாசித்தது அந்த அறுபதில் ஒன்று, சுரங்கத்துக்குப் போய்த் திரும்பாத தன் அப்பாவைப் பற்றி அவன் போட்ட பாட்டு. மெட்டும் வரியும் அவனுடையவை. பெரிய பாட்டொன்றும் இல்லை. ஆனாலும் ஒரு சுரம் விடாமல் வாசித்தாள். ஐந்தாறு பேர் கைதட்டினார்கள்.

“இது யாருக்கு வேணும்? உப்புக் கூந்தல் வாசிங்கம்மா!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

ஒலாயா அக்கார்டியனை மடக்கி வாரைப் பூட்டினாள். கூட்டம் அவளுக்காகக் காத்திருக்கவில்லை, தானே பாட ஆரம்பித்துவிட்டது. படியிறங்கியவளுக்கு ரொகேலியா குடையை நீட்டினாள்.

“நீ சொல்லலியே.”

“பேசாம கேளு.”

இரண்டாம் வரியின் முடிவு வந்தது. ஏற வேண்டிய இடத்தில் அத்தனை பேரும் இறங்கினார்கள். நாற்பத்தைந்து வருடமாக அவள் காதில் முள்ளாகக் குத்திய இடம்.

“அந்த ஒரு சுரம் அவன் போட்டது” என்றாள் ஒலாயா.