செக்கர் வீட்டு மறதி

"பையைக் கொட்டு" என்றான் செக்கர்.

காய்கறி வாங்கிவிட்டு உள்ளே நுழைந்தவள் இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. பேருந்துகளில் ஏறி டிக்கெட் சரிபார்ப்பது அவன் வேலை. தெருவே அவனைச் செக்கர் என்றுதான் கூப்பிடும். அவனுக்கும் அதில் பெருமை. இப்போது அவன் கை நீட்டி நிற்பது கட்டிய மனைவியிடம். அவள் பையைத் தலைகீழாகப் பிடித்தாள். சீப்பு, சாவி, கைக்குட்டை, வெங்காயம், தக்காளி எல்லாம் விழுந்தன. ஒரு தக்காளி கட்டிலுக்கு அடியில் உருண்டது. மகானுபாவன் அதையும் விடவில்லை. குனிந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"தக்காளிக்கெல்லாம் ரசீது குடுக்க மாட்டாங்க" என்றாள் அவள்.

"வாய்க்கு மட்டும் கொறைச்சலில்ல."

"விடுடா, போதும்" என்று அடுப்படியிலிருந்து அவன் அம்மா சொன்னார். சொன்னாரே தவிர, எட்டிப் பார்க்கவில்லை.

ஒரு மாதமாக அந்த வீட்டில் அவளுக்கு இதுதான் வரவேற்பு. போன மாதம் மாமியாரும் மருமகளும் துணிக்கடைக்குப் போனார்கள். செக்கருக்குச் சட்டைகள் வாங்கி, பணம் கட்டி, தோள்பையில் வைத்துக்கொண்டு வெளியே வரும்போது வாசலில் மணி அலறியது. காவலாளி மருமகளின் பையைத் திறந்து சட்டைகளை வெளியே இழுத்தார். "இதெல்லாம் யாரு எடுத்தது?" என்று கேட்டார். "நான்தாங்க எடுத்தேன்" என்றாள் அவள். அடுத்தபடியாக அவர் கையோடு வந்தது ஒரு கம்பளிச் சால்வை, விலைச்சீட்டுகூடக் கழற்றாமல். அவள் அதை அப்போதுதான் பார்த்தாள். 'பணம் தராமல் எடுத்ததை ஒப்புக்கொண்டார்' என்று மேலாளர் எழுதி, காவல் நிலையத்துக்குச் சொல்லி அனுப்பிவிட்டார்.

செக்கரிடம் அவள் எத்தனையோ சொல்லிப் பார்த்தாள்.

"எனக்கு நெஜமாவே தெரியாதுங்க. மறதியில உள்ள விழுந்திருக்கும்."

"மறந்துட்டேன்னு சொல்ற ஆளுங்களை பஸ்ஸுக்கு பஸ் பாக்குறேன். ஒருத்தராவது நெஜமா மறந்ததா சரித்திரமே கிடையாது."

அவள் பிறந்த வீட்டில் வசதி இல்லை. சந்தேகப்பட அது போதாதா? 'இல்லாத வீட்டுப் பொண்ணு, கண்ணுல பட்டா ஆசை வரத்தானே செய்யும்' என்று அக்கம்பக்கத்துப் பெரிய மனிதர்கள் பெருந்தன்மையோடு மன்னித்தார்கள். அந்த மன்னிப்பைவிடக் கன்னத்தில் ஓர் அறை தேவலை.

"வர்ற வாரம் கோர்ட்ல ஒத்துக்கோ" என்றான் செக்கர், தக்காளியைக் கூடையில் போட்டுவிட்டு. "அபராதத்தைக் கட்டிட்டு வந்துடலாம். வக்கீல், வாய்தான்னு இழுத்தா ஊரே சிரிக்கும்."

"என் வேலை போயிடுமே."

"போனா போகட்டும்."

அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். அவள் ஒரு குழந்தைகள் காப்பகத்தில் ஆயாவாக இருந்தாள். குற்றப் பதிவு இருந்தால் குழந்தைகளிடம் விட முடியாது என்று நிர்வாகி தெளிவாகச் சொல்லிவிட்டார். காலையில் அழுதுகொண்டு வரும் பிள்ளைகள் அவளைக் கண்டதும் அம்மாவின் கழுத்தை விட்டுவிட்டுத் தாவி வருவார்கள். அவளை யாரும் சந்தேகப்படாத இடம் உலகத்தில் அது ஒன்றுதான்.

மறுநாள் அவள் ஒருவருக்கும் சொல்லாமல் ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் போனாள். ஜெராக்ஸ் கடைக்கு மாடியில் ஒரு சின்ன அறை.

"பையில பொருள் இருந்துச்சுன்னா மட்டும் திருட்டு ஆயிடாதும்மா" என்றார் வக்கீலம்மா. "பணம் குடுக்காம கொண்டுபோகணும்னு மனசுல நெனைச்சிருக்கணும். அதை நிரூபிக்க வேண்டியது அவங்க பொறுப்பு. தெரியாம வந்தா அது குற்றமே இல்ல. ஆனா சீக்கிரம் முடியட்டும்னு ஒத்துக்கிட்டீங்கன்னா, அந்தப் பேரு போற எடமெல்லாம் கூடவே வரும்."

"ஏற்கெனவே ஒத்துக்கிட்டேன்னு எழுதியிருக்காங்களே?"

"என்ன சொன்னீங்க?"

"நான்தான் எடுத்தேன்னு. சட்டையைத்தான் சொன்னேன்."

வக்கீலம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "துணி எடுக்கப் போறேன்னு சொல்லித்தானே எல்லாருமே கடைக்குக் கிளம்புறோம்? எடுத்தேன்னா வாங்கினேன்னு அர்த்தம். அந்த மேனேஜரும் வீட்ல அப்படித்தான் பேசுவாரு. கடைக்குள்ள வந்ததும் அவருக்குத் தமிழ் மறந்துடுது போல." பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "பை உங்க கையை விட்டு எங்கயாவது போச்சா?"

வீட்டில் இதை அவள் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் வீடு ரெண்டாகியிருக்கும்.

"சட்டைக்கு அளவு பாக்கப் போனப்ப, அத்தைகிட்ட குடுத்துட்டுப் போனேன்."

வக்கீலம்மா கடையின் கேமராப் பதிவைக் கேட்டு வாங்கினார். வழக்குக்கு முதல் நாள் புருஷனையும் பெண்டாட்டியையும் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார்.

படத்தில் மாமியார் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் மருமகளின் பை. சால்வையைத் தோளில் போட்டுக் கண்ணாடியில் அழகு பார்த்தார். போன் அடித்தது. கை காலியாக வேண்டுமே, சால்வையைச் சுருட்டிப் பையின் அடியில் திணித்தார். பையை நாற்காலியில் வைத்துவிட்டுப் பேசிக்கொண்டே எழுந்து போனார். திரும்பி வந்த மருமகள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். பிறகு வாசல் தெரிந்தது. மணி அடிக்கிறது. மாமியார் திரும்பிப் பார்க்கிறார். கை தானாகத் தன் தோளுக்குப் போகிறது, சால்வை கிடந்த இடத்துக்கு. அப்படியே கையை இறக்கிக்கொண்டு, மருமகளை அங்கேயே விட்டுவிட்டு, தெருப்பக்கம் நடந்துவிட்டார்.

செக்கர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டான்.

"அம்மாவுக்கு மறதி, வக்கீலம்மா! வயசாச்சில்ல. போன் வந்துச்சு, உள்ள போட்டுட்டாங்க. திருடணும்னு நெனைப்பே கிடையாது. இதெல்லாம் யாருக்கு வேணாலும் நடக்கும்."

"சட்டமும் அதையேதான் சொல்லுது" என்றார் வக்கீலம்மா. "இதைக் காட்டினா நாளைக்கே வழக்கு முடிஞ்சுடும்."

அவன் மனைவி பக்கம் திரும்பினான். இத்தனை வருஷத்தில் அவன் குரல் இவ்வளவு குழைந்து அவள் கேட்டதில்லை.

"இதைக் காட்ட வேணாம். அம்மாவை நாலு பேரு முன்னால இப்படிக் காட்டினா அவங்க உசுரே போயிடும். நீ சின்னவ, தாங்கிக்குவ. ஒத்துக்கோ. இனிமே உன் பையைத் தொடவே மாட்டேன், சத்தியமா."

"யாருக்கு வேணாலும் நடக்கும்னு இப்ப அத்தைக்குச் சொன்னீங்களே" என்றாள் அவள். "அதை அன்னிக்கு எனக்குச் சொல்லியிருந்தா, இன்னிக்கு நீங்க கேக்கிறதுக்கு நானே தலையாட்டியிருப்பேன்."

மறுநாள் குற்றத்தை ஒத்துக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டபோது, "இல்லைங்க. படத்தைப் போடச் சொல்லுங்க" என்றாள். படத்தைப் பார்த்தபின் வழக்கு தள்ளுபடியானது.

கோர்ட் வராந்தாவில், வேடிக்கை பார்க்க வந்திருந்த அக்கம்பக்கத்தார் மாமியாரைச் சூழ்ந்துகொண்டார்கள். ஒருத்தி தண்ணீர் கொடுத்தாள், இன்னொருத்தி விசிறிவிட்டாள். "பாவம், வயசானா மறதி வரத்தானே செய்யும்" என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். சால்வைக்கு ஆசைப்பட்டார் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. விசிறியவள் மருமகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"கூடப் போனவ, நீ பாத்துக்கிட்டு இருந்திருக்க வேணாமா?"

செக்கரும் ஆமாம் என்பதுபோல் தலையசைத்தான்.

"பாத்துக்கிட்டேதான் இருக்கேன்" என்றாள் அவள். "நீங்கல்லாம் யாரைப் பாவம்னு சொல்றீங்க, யாரைத் திருடின்னு சொல்றீங்கன்னு."

அவர்கள் வாயை மூடுவதற்குள் படியிறங்கி, காப்பகத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்.