பூட்டுக்கு வைத்த சந்தனம்

ஐயம்பேட்டை ராமலிங்கத்தின் பிக்கப் வண்டிக்கு வயது பதினெட்டு. அத்தனை வருடத்தில் ஒரு நாள்கூட அவர் அதைப் பூட்டியதில்லை. சாவியும் ஸ்டியரிங்கை விட்டு இறங்கியதில்லை. "எவன் தூக்கினு போவான்? ஸ்டார்ட் பண்றதுக்கே என் கை வேணும்" என்பார். வண்டியைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் மனிதருக்குச் சோறு தண்ணி வேண்டாம்.

அப்பேர்ப்பட்டவர் அக்கா மகள் அபிநயாவின் கல்யாணத்தன்று, காஞ்சிபுரத்தில் மண்டப வாசலில் வைத்து, முதல் தடவையாகப் பூட்டினார். காரணம் இருந்தது. சீர்வரிசையைப் பின்னால் ஏற்றியவர், தாய்மாமன் புடவையை மட்டும் தாம்பாளத்தோடு பக்கத்து சீட்டில் உட்கார வைத்துக்கொண்டு வந்திருந்தார். பிள்ளையார்பாளையத்தில் சொல்லி நெய்த புடவை. அரக்கு உடல், மாம்பழக் கரை. தெரு முழுக்க ஜனம். சீரை இறக்கிவிட்டு வந்து எடுத்துக்கொள்ளலாம் என்று, கதவின் உள்பக்கக் குமிழை அழுத்தி, கைப்பிடியைத் தூக்கியபடியே சாத்தினார். சாவி வழக்கம்போல ஸ்டியரிங்கிலேயே தொங்கியது.

மணி ஒன்பது. முகூர்த்தம் பத்துக்குள் முடிய வேண்டும். மாமன் கொண்டுவந்த புடவையைக் கட்டிக்கொண்டு, மாமன் கையைப் பிடித்துக்கொண்டுதான் பெண் மணவறைக்கு வர வேண்டும். அது அவர்கள் குடும்ப வழக்கம். புடவையோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சொகுசாக உட்கார்ந்திருந்தது.

ராமலிங்கம் முதலில் அசரவில்லை. வண்டிக்கு அடியில் குனிந்து, கம்பியால் கட்டி வைத்திருந்த மாற்றுச் சாவியை அவிழ்த்துக் கூட்டத்துக்குக் காட்டினார். "முன்னெச்சரிக்கைனா இன்னான்னு பாத்துக்கோங்கபா!" சாவி பாதிகூட உள்ளே போகவில்லை. துவாரத்தைக் குனிந்து பார்த்தவருக்கு வியர்த்துவிட்டது. ஆயுத பூஜையில் மற்றவர்கள் பானட்டுக்கும் சக்கரத்துக்கும் பொட்டு வைப்பதோடு சரி. இவரோ, பூட்டும் ஒரு ஆயுதம்தானே என்று அதற்கும் வழிய வழியச் சந்தனம் அப்பிக் குங்குமம் வைப்பவர். பதினெட்டு வருடச் சந்தனம் உள்ளே கல்லாக இறுகிக் கிடந்தது. பக்தி முற்றினால் இப்படியும் ஆகும். இடப்பக்கக் கதவு எப்போதோ அடிபட்டது. உள்ளிருந்து கம்பி போட்டுக் கட்டியிருந்தார். பக்தி முற்றினால் இப்படியும் ஆகும்.

"கண்ணாடிய ஒடைச்சிடலாம்பா" என்று யாரோ கல் தேடினார்கள். பெண்ணின் அம்மா மணியம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "கல்யாண வாசல்ல கண்ணாடி ஒடையறதா? வாய கழுவுங்க. டேய் ராமலிங்கம், எதனா செய்டா!"

மாப்பிள்ளையின் அப்பா சிவராஜ் வாசலுக்கு வந்து கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் ராமலிங்கத்தைச் சுட்டது. அக்கா புருஷன் போன பிறகு அந்தப் பெண்ணுக்கு எல்லாம் தானே என்று நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தவர் அவர். இன்று ஊர் கூடி நிற்கும்போது வெறுங்கையோடு நின்றார். அழுகையே வந்துவிட்டது.

அப்போது கூட்டம் விலகியது. தலை நிறையப் பூவும் நெற்றிச்சுட்டியுமாக அபிநயா வந்தாள். "நகுருங்க மாமா."

"நீ உள்ள போ கண்ணு" என்று பதறினார். அவர் பயம் வேறு. அபிநயா ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில் கதவு மாட்டும் பிரிவில் மூன்று வருடமாக வேலை செய்கிறாள். பெண்பிள்ளைக்கு நட்டு போல்ட்டு எதற்கு என்று, அவள் சேர்ந்தபோது ஒரு மாதம் பேசாமல் இருந்தவர் இவர். பெண் பார்க்க வந்த சிவராஜிடம் "ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலைங்க" என்று அளந்துவிட்டவரும் இவரேதான். அன்றைக்கு அபிநயா மாமன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சீரோடு வந்த வாஷிங் மெஷின் பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் பட்டையை அறுத்துத் தரச் சொன்னாள். அதை நடுவில் மடித்து, கதவின் மேல் மூலையில் ரப்பர் நைந்திருந்த இடத்தில் நுழைத்தாள். முனைகளை மெல்லத் தள்ளித் தள்ளி, உள்ளே மடிப்பை வளையமாக விரித்தாள்.

"புது வண்டில இது நடக்காது மாமா. புடிக்கறதுக்கு ஒண்ணும் இருக்காது. உங்க வண்டில குமிழுக்குத் தல பெருசா இருக்குது பாருங்க, அதான் தப்பிச்சோம்."

வளையம் இரண்டு முறை நழுவியது. யாரோ சிரித்தார்கள். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாம் முறை குமிழின் கழுத்தில் விழுந்தது. இறுக்கி மேலே இழுத்தாள். 'டக்' என்றது. கதவு திறந்துகொண்டது.

மண்டப வாசலே கைதட்டியது. சிவராஜ் இரண்டு படி இறங்கி வந்தார். "இன்னாமா இது! எங்க கத்துக்கின?"

அபிநயா மாமனைப் பார்த்தாள். யூடியூப் என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பிவிடலாம். ராமலிங்கத்துக்கு அது நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினார்.

"சம்பந்தி, அன்னிக்கு நான் சொன்னது பொய்ங்க. எங்க பொண்ணு ஆபீஸ்ல இல்ல. கதவு மாட்ற வேல. ஒரு நாளைக்கு முந்நூறு கதவு அது கைல போவுது. ரோட்ல போற காருங்கள பாருங்க, எத்தினி கதவு எங்க பொண்ணு மாட்டனதோ!" குரல் தெருமுனைவரை கேட்டது.

"அத அப்பவே சொல்றதுக்கின்னா?" என்றார் சிவராஜ். "நானும் நாலு பேருகிட்ட சொல்லிக்கினு இருந்திருப்பேன் இல்ல?"

கால்மணி நேரத்தில் அபிநயா அரக்குப் புடவையில் வந்து நின்றாள். நைந்த ரப்பரின் கறுப்பு அவள் விரல்களில் மருதாணிக்கு மேலேயே ஒட்டியிருந்தது, சோப்புக்கும் மசியவில்லை. மணியம்மாள் புடவைத் தலைப்பை இழுத்து அந்தக் கையை மூடப் பார்த்தாள். ராமலிங்கம் தலைப்பை விலக்கி, அதே கையைப் பிடித்துக்கொண்டார்.

"வுடுக்கா. எல்லாரும் பாக்கட்டும்."