பால் கொடுத்த பிள்ளை

...கிருபா என்றால் அந்தக் கிருபாவாகவா இருக்கவேண்டும், தாம்பரத்தில் அந்தப் பேரில் வேறு பிள்ளையே கிடையாதா என்று ஷேர் ஆட்டோவில் வழியெல்லாம் தன்னைத்தானே தேற்றிக்கொண்டு வந்த ஷபீனாவுக்கு, ஹெட்மாஸ்டர் அறைக்கு வெளியே பெஞ்சில் ஹில்டாவைப் பார்த்ததும் அந்தத் தேற்றலெல்லாம் போயிற்று... அவளேதான், சற்றுப் பூசினாற்போல் ஆகியிருக்கிறாள். சுஃபியான் இந்தப் பள்ளியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகவில்லை, அதற்குள் பெல்ட்டைக் கழற்றி வீசியிருக்கிறான் பாவி, பக்கிள் பட்டு ஹில்டா மகன் கிருபாவுக்குப் புருவத்தில் தையல், அடிபட்டவனின் அம்மா மன்னித்தால் சரி, இல்லையென்றால் டி.சி.தான் என்று போனிலேயே சொல்லிவிட்டார்கள், ஒன்பதாவது நடுவில் டி.சி. வாங்கினவனை எவன் சேர்த்துக்கொள்வான்?

ஹில்டா நகர்ந்து இடம் கொடுத்தாள், நல்லாயிருக்கீங்களாக்கா என்று கேட்டாள், அதோடு தலை குனிந்துகொண்டாள்... பம்மல் காம்பவுண்டில் அடுத்தடுத்த வீட்டில் குடியிருந்தபோது இவள் வாய் ஓய்ந்த நாள் உண்டா, அடிபம்பைச் சுற்றி எத்தனை கதை, எத்தனை சண்டை, பக்கத்துத் தோல் பதனிடும் ஷெட் நாற்றம் குடலைப் பிடுங்கும், இன்றைக்கு நினைத்தால் அந்த நாற்றம்கூட வேண்டியிருக்கிறது. கிருபா பிறந்த கையோடு ஹில்டாவுக்கு மஞ்சள்காமாலை, ஆஸ்பத்திரியில் கிடந்தாள், பச்சைக் குழந்தை இங்கே கத்தித் தீர்த்தது, ஷபீனாதான் வாங்கி மடியில் போட்டுக்கொண்டாள், ஒரு பக்கம் சுஃபியான், ஒரு பக்கம் இவன், என்ன இழுப்பு இழுப்பான் அம்மாடி! பால் குடித்துவிட்டால் கூடப்பிறந்த மாதிரிதான், நம் மார்க்கத்தில் அப்படித்தான் என்று புருஷன் பாட்சா சொன்னபோது தனக்கு ரெட்டைப் பிள்ளை என்று எப்படிப் பூரித்துப் போனாள்... காம்பவுண்டை இடித்து ஃப்ளாட் கட்டினார்கள், ஹில்டா மறைமலை நகர் பக்கம் போனாள், ஷபீனா பல்லாவரம், கொஞ்சநாள் போக வர, அப்புறம் போன், அப்புறம் நம்பரே மாறிவிட்டது. போன வாரமே சுஃபியான் மாடிப்படியில் பெல்ட்டைச் சுழற்றிக்கொண்டு நின்றானாம், கீழ்வீட்டம்மாள் இன்றைக்குத்தான் சொல்கிறாள், நமக்கேன் வம்பு என்று இருந்துவிட்டாளாம், அவள் மகன் சிகரெட் பிடித்ததைப் பார்த்தும் பார்க்காமல் வந்தவள்தானே ஷபீனாவும்...

பாலைச் சொல்லிவிடலாமா? சொன்னால் சுஃபியான் தப்பிப்பான், ஆனால் கொடுத்த பாலுக்குக் கூலி கேட்ட மாதிரி ஆகிவிடாதா, ஹில்டாவுக்கு மறந்தா போயிருக்கும், மறக்காமல்தான் இப்படித் தலை குனிந்திருக்கிறாளா... கதவு திறந்தது, சுஃபியான் வந்து நின்றான், இவங்க யாருன்னு தெரியுதாடா என்று ஷபீனா கேட்டாள், அவன் உதட்டைப் பிதுக்கினான்.

ஹில்டா நிமிர்ந்து பார்த்தாள். "எதுக்கு தம்பி அவனை அடிச்ச?"

"முறைச்சான் ஆன்ட்டி."

காம்பவுண்டாக இருந்தால் ஹில்டா இந்நேரம் முதுகில் ரெண்டு போட்டு, அழ அழ இழுத்துப் போய்ச் சோறு போட்டிருப்பாள், என் புள்ளையை நான் அடிக்கிறேன், உனக்கென்ன என்று ஷபீனாவிடமே பாய்ந்திருப்பாள்... போடேன் ஹில்டா, ஒன்று போடேன் என்று ஷபீனா மனசுக்குள் கெஞ்சினாள். ஹில்டா கைகளை மடியில் வைத்தபடியே இருந்தாள், யார் வீட்டுப் பிள்ளையிடமோ பேசுவதுபோல் சரி தம்பி என்றாள்.